ஒரே கர்தினால்கள், இரண்டு போப்புகள்: 1378 பிளவு வந்த விதமும் 1417-இல் அது தீர்ந்த விதமும்

போப்புக்கு எதிராக இன்னொரு போப் கிளம்புவது 1378-க்கு முன்பும் நடந்திருக்கிறது. அப்படிக் கிளம்பியவர்களில் பலர் ஏதாவது ஓர் அரசரோ பேரரசரோ நிறுத்திய ஆட்கள். 1328-இல் பவேரியாவின் லூட்விக், ரோமில் ஒரு துறவியை 5-ஆம் நிக்கோலஸ் என்ற பெயரில் போப்பாக அமர்த்தினார். லூட்விக்கின் படை ஊரைவிட்டு நகர்ந்ததும் நிக்கோலஸுக்கு ஆதரவு இல்லாமல் போனது. 1330-இல் அவர் இன்றைய தென் பிரான்ஸில் உள்ள அவிஞோனுக்குப் போய், கழுத்தில் கயிற்றோடு, அங்கிருந்த போப் 22-ஆம் யோவான் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதோடு விவகாரம் முடிந்தது.

1378-இல் தொடங்கிய பிளவு 39 ஆண்டுகள் நீடித்தது. இரண்டு போப்புகளையும் தேர்ந்தெடுத்தவர்கள் ஏறக்குறைய அதே கர்தினால்கள் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் உயர்நிலைக் குருமார்) என்பதுதான் காரணம். ஏப்ரலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பரில், முன்பு நடந்தது செல்லாது என்று சொல்லி இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குத்தான் இருந்தது. ஆகவே சண்டை இறையியல் பற்றியதாக இல்லாமல் நடைமுறைச் சட்டம் பற்றியதாக ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்கும் அதிகாரம் திருச்சபைக்குள் யாரிடமும் இல்லை. ஐரோப்பிய அரசர்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தது அதனால்தான்.

அன்றிருந்த விதிகள்

போப் தேர்தல் சட்டம் மூன்று கட்டமாக வளர்ந்தது. 1059-இல் 2-ஆம் நிக்கோலஸ் தேர்தலில் முதன்மை இடத்தைக் கர்தினால் ஆயர்களுக்குக் கொடுத்தார். 1179-இல் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றது. அந்த அளவு வாக்குப் பெற்றவரே போப், மறுபேச்சு இல்லை. விட்டர்போ நகரில் 1268 முதல் 1271 வரை தேர்தல் இழுபறியாக நடந்தது. அந்த அனுபவத்தில் 1274-இல் லியோன் பொதுச்சங்கம் கான்கிளேவ் விதியைக் கொண்டுவந்தது. போப் இறந்தபின் 10 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு கர்தினால்களை ஒரே கூடத்தில் வைத்து அடைக்க வேண்டும். 3 நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம். மேலும் 5 நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் மட்டும்.

தேர்ந்தெடுக்கத் தாமதமானால் என்ன செய்வது, வாக்குப் பிரிந்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் இந்த விதிகளில் பதில் இருந்தது. தேர்தல் செல்லுமா என்பதே கேள்வியானால் யார் தீர்ப்புச் சொல்வது? அதற்குப் பதில் இல்லை. முதல் ஆசனத்தை, அதாவது போப்பை, யாரும் நியாயம் தீர்க்க முடியாது என்பது திருச்சபைச் சட்டத்தின் பழைய கோட்பாடு. போப்பின் தேர்தலையே சந்தேகித்தால், அவர் போப்பா இல்லையா என்று தெரிந்தால்தானே அந்தக் கோட்பாடு அவருக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும்?

1378 ஏப்ரல் 7, 8

போப்புகள் 1309 முதல் பெரும்பாலும் அவிஞோனில்தான் இருந்தார்கள். அங்கிருந்து ஆண்ட ஏழு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். ஏழாமவரான 11-ஆம் கிரகோரி 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பி, 1378 மார்ச் 27-இல் இறந்தார். அப்போது இருந்த 23 கர்தினால்களில் 16 பேர் ரோமில் இருந்தார்கள்: 11 பிரெஞ்சுக்காரர்கள், 4 இத்தாலியர்கள், ஸ்பானியர் ஒருவர். 6 பேர் அவிஞோனிலேயே தங்கியிருந்தார்கள்; ஒருவர் தூதுப் பணியில் வெளியூரில் இருந்தார்.

11 பேர் ஒற்றுமையாக இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட அவர்கள் கையில். ஆனால் அவர்களுக்குள் லிமூசின் பகுதிக்காரர்கள் தனி அணி. தொடர்ந்து பல போப்புகள் அந்த வட்டாரத்திலிருந்தே வந்திருந்தார்கள். இன்னொரு லிமூசின்காரர் வரக்கூடாது என்பதில் மற்ற பிரெஞ்சுக்காரர்களே உறுதியாக இருந்தார்கள். இந்த உள்பூசல் இல்லையென்றால் வெளியில் கூடிய கூட்டத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்திருக்காது.

ஏப்ரல் 7 மாலை கர்தினால்கள் வத்திக்கானில் கான்கிளேவுக்குள் போனார்கள். "ரோமானியர் வேண்டும், இல்லாவிட்டால் இத்தாலியராவது வேண்டும்" என்ற கூச்சல் இரவு முழுக்க ஓயவில்லை. மறுநாள் காலை ஆபத்து மணி அடித்தது. அந்த அவசரத்தில் கர்தினால்கள் தங்களுக்குள் இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்: பாரி நகரப் பேராயர் பார்த்தலோமேயோ பிரிஞானோ. நேப்பிள்ஸ்காரர் என்பதால் கூட்டத்துக்கு இத்தாலியர். அவிஞோன் அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர் என்பதால் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பழகிய முகம். சமரச வேட்பாளருக்கு வேண்டிய இலக்கணமெல்லாம் அவரிடம் இருந்தது.

அவர் கான்கிளேவுக்குள் இல்லை. ஆள் அனுப்பி அழைத்து, ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்காக அறிவிப்பைத் தள்ளிப்போட்டார்கள். இடையில் மதிய உணவுக்குப் பிறகு, கூச்சல் சற்று ஓய்ந்த நேரத்தில், அங்கிருந்த கர்தினால்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவரையே மீண்டும் உறுதி செய்தார்கள். இந்த இரண்டாவது ஒப்புதல் பின்னால் பெரிய சான்றாக மாறியது.

பிறகு கூட்டம் கதவை உடைத்து உள்ளே பாய்ந்தது. தேர்ந்தெடுத்தவர் ரோமானியர் அல்ல என்று தெரிந்தால் உயிர் தப்பாது என்று பயந்த கர்தினால்கள், தங்களில் ரோமானிய முதியவரான தெபால்தெஸ்கியைப் பிடித்து இழுத்துவந்து, போப்பின் மேலங்கியைப் போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கீல்வாதத்தால் நடக்கவே சிரமப்படும் மனிதர் அவர். ஜனங்கள் முண்டியடித்து வந்து அவர் கையையும் காலையும் முத்தமிட, "நான் போப் இல்லை" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் களேபரத்தில் மற்றவர்கள் நழுவினார்கள். சிலர் தங்கள் வீட்டுக்கும், சிலர் சான்ட்'ஆஞ்செலோ கோட்டைக்கும் ஓடினார்கள்.

மறுநாள் 9-ஆம் தேதி கர்தினால்கள் திரும்பி வந்து பிரிஞானோவை அரியணையில் அமர்த்தினார்கள். ஏப்ரல் 18, ஈஸ்டர் ஞாயிறு அன்று 6-ஆம் அர்பன் என்ற பெயரில் முடிசூட்டு விழா. அவிஞோனில் இருந்த ஆறு கர்தினால்களுக்கும், தேர்தல் முறைப்படி நடந்தது என்று கடிதம் போயிற்று.

அர்பன் செய்த பிழை

அலுவலகப் பணியில் இருந்தவரை நேர்மையான அதிகாரி என்று பெயர் வாங்கியவர், போப் ஆனதும் வேறு ஆள் ஆனார். கர்தினால்களின் ஆடம்பரத்தைக் கண்டித்தார், அன்பளிப்பு வாங்கக்கூடாது என்றார், வேளைக்கு ஒரு பதார்த்தம் போதும் என்றார். சீர்திருத்தமாகப் பார்த்தால் இவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செய்த விதம்தான் கெடுத்தது. பொது அவையில் கர்தினால் ஒர்சினியை முட்டாள் என்றார்; இன்னொரு கர்தினாலை அடிக்கவே எழுந்தார். புதிதாக இத்தாலியக் கர்தினால்களை நியமித்துப் பிரெஞ்சுப் பெரும்பான்மையை முறிப்பேன் என்று வெளிப்படையாக மிரட்டினார். இதைச் சொல்லாமல் செய்திருந்தால் செப்டம்பர் தேர்தலுக்கு ஆள் திரண்டிருக்குமா என்பதே சந்தேகம். சொல்லிவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தார்.

அக்கம்பக்கத்து ஆட்சியாளர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நேப்பிள்ஸ் ராணி ஜோவன்னாவைப் பகைத்துக்கொண்டார். ஃபோந்தி பிரபு ஒனொராத்தோ காயெத்தானி, 11-ஆம் கிரகோரிக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டபோது தர மறுத்து, அவர் வகித்த பதவியையும் பறித்தார். கோடை வெயிலைக் காரணம் சொல்லி அனாஞிக்கு நழுவிய பிரெஞ்சுக் கர்தினால்களுக்குப் பாதுகாப்பான ஊர் ஒன்று தேவைப்பட்டது. ஒனொராத்தோ தன் ஊரைத் திறந்துவிட்டார்.

ஆகஸ்டில் அவர்கள் அறிக்கை விட்டார்கள்: ஏப்ரல் தேர்தல் உயிர்ப் பயத்தில் நடந்தது, செல்லாது. செப்டம்பர் 20-இல் ஃபோந்தியில் கூடி, தங்களில் ஒருவரான ஜெனிவாவின் ராபர்ட்டை 7-ஆம் கிளமெண்ட் என்று தேர்ந்தெடுத்தார்கள். தெபால்தெஸ்கி அதற்குள் இறந்துவிட்டார். எஞ்சிய மூன்று இத்தாலியக் கர்தினால்களும் ஃபோந்தியில் இருந்தார்கள். வாக்களிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர்கூட அர்பன் பக்கம் இல்லாமல் போனார்கள். ராபர்ட் தேர்வும் சரியான தேர்வல்ல. 1377 பிப்ரவரியில் செசேனா நகரில் நடந்த படுகொலைக்குக் காரணமான கூலிப்படையை நடத்தியவர் அவர்தான். அந்த ரத்தக்கறை இருக்கும்வரை இத்தாலியில் அவருக்கு ஆதரவு கிடைக்க வழியே இல்லை.

பயம் என்ற வாதம் நிற்குமா

கர்தினால்கள் பயந்தது உண்மை. கதவை உடைத்த கூட்டத்தை யாரும் மறுக்கவில்லை. பயத்தில் செய்த தேர்தல் செல்லாது என்பதும் சட்டப்படி சரி. ஆனால் பயம் நீங்கியபின் அதே செயலை ஏற்று நடந்தால், அந்த நடத்தையே ஒப்புதலாகிவிடும். மதியம் மறு உறுதி, அரியணை ஏற்றம், முடிசூட்டு விழா, அவிஞோனுக்குக் கடிதம், பிறகு தங்களுக்கும் தங்கள் ஆட்களுக்கும் அர்பனிடமே பதவிகள் கேட்டு எழுதிய மனுக்கள். பயத்தில் ஒருவர் வாக்களிக்கலாம். பயத்தில் யாரும் சலுகை மனு எழுதுவதில்லை. எங்கள் பார்வையில் அர்பன் தேர்தல் செல்லும் என்பதற்கு இந்த மனுக்களே வலுவான சான்று. ஆனால் ரோமில் இருந்தவரை பயம் தொடர்ந்தது என்ற கர்தினால்களின் பதிலை அன்றைய நேர்மையான மனிதர்கள் பலர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சியன்னாவின் கத்தரீன் அர்பன் பக்கம் நின்றார், வின்சென்ட் ஃபெரர் கிளமெண்ட் பக்கம் நின்றார். பின்னாளில் இருவரையும் திருச்சபை புனிதர்களாக ஏற்றது.

ஸ்பெயின் பகுதியின் கஸ்தீல் அரசு மட்டும் இதை ஒரு வழக்காகவே நடத்தியது. 1380-இல் மெதீனா தெல் காம்போ நகரில் விசாரணை வைத்து, சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்து, 1381-இல் கிளமெண்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மற்ற நாடுகளில் முடிவை எடுத்தது போர்க்கள வரைபடம். பிரான்ஸ் கிளமெண்ட் பக்கம். அதனால் பிரான்ஸோடு போரில் இருந்த இங்கிலாந்து அர்பன் பக்கம். அதனால் இங்கிலாந்தின் பகையாளி ஸ்காட்லாந்து கிளமெண்ட் பக்கம். ஜெர்மானியப் பேரரசின் பெரும்பகுதி, ஹங்கேரி, போலந்து, வட நாடுகள், இத்தாலியின் பெரும்பகுதி அர்பனோடு. அரகோன் 1387-இலும் நவார் 1390-இலும் கிளமெண்டோடு சேர்ந்தன. போர்ச்சுகல் பலமுறை தாவியது.

கிளமெண்டின் படை 1379 ஏப்ரலில் மரீனோவில் தோற்றது. அவர் அவிஞோனுக்குப் போய்விட்டார். அதன்பின் இரண்டு அரண்மனை, இரண்டு கருவூலம், இரண்டு வரிவசூல். முதலாண்டு வருமானத்தில் பாதியைப் புதிதாகப் பதவி ஏற்பவர் செலுத்த வேண்டும் என்ற வரி, செலவு கூடக் கூட இறுகியது. டொமினிக்கன் சபைக்கு இரண்டு தலைவர்கள், மருத்துவமனை வீரர் சபைக்கு இரண்டு பெருந்தலைவர்கள். அர்பன் 1385-இல் தன் சொந்தக் கர்தினால்கள் ஆறு பேரைச் சதி செய்ததாகச் சித்திரவதை செய்தார். பிழைத்தவர் ஆங்கிலேயரான ஆடம் ஈஸ்டன் ஒருவரே.

மூன்று வழிகள், மூன்றும் அடைப்பு

1394-இல் பாரிஸ் பல்கலைக்கழகம் மூன்று வழிகளை முன்வைத்தது: இருவரும் பதவி துறப்பது, நடுவர்களிடம் விடுவது, பொதுச்சங்கம் கூட்டுவது. அதே ஆண்டில் 7-ஆம் கிளமெண்ட் இறந்தார். அவிஞோன் கர்தினால்கள் புதுத் தேர்தலை நடத்தாமல் விட்டிருக்கலாம். அவர்கள் செய்தது, பிளவு தீர அவசியமானால் பதவி விலகுவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, 1378-இல் அந்தக் கான்கிளேவில் இருந்த ஸ்பானியர் பெத்ரோ தெ லூனாவை 13-ஆம் பெனடிக்ட் ஆக்கியது. சத்தியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. போப் ஆனபின் அவரைச் சத்தியத்தில் பிடித்து வைக்க மேலதிகாரி இல்லை. அர்பன் வழிவந்த ரோம் தரப்பும் 1406-இல் இதே தவறைச் செய்து 12-ஆம் கிரகோரியைத் தேர்ந்தெடுத்தது.

பிரான்ஸ் 1398-இல் பெனடிக்டுக்குக் கீழ்ப்படிய மறுத்தது; வருமானத்தை நிறுத்தியது; அவிஞோன் அரண்மனை முற்றுகையானது. நான்கரை ஆண்டுக்குப் பின் 1403 மார்ச்சில் அவர் இரவோடு இரவாகத் தப்பினார்; மே மாதம் பிரான்ஸ் மீண்டும் அவரையே ஏற்றது. ஒரு நாடு மட்டும் அழுத்தினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

1407-இல் இரண்டு போப்புகளும் சவோனாவில் சந்திப்பதாக உடன்படிக்கை எழுதினார்கள். பெனடிக்ட் கடல் வழியாக போர்ட்டோவெனெரே வரை வந்தார். கிரகோரி நிலம் வழியாக லூக்கா வரை வந்தார். ஒருவர் கடற்கரையைவிட்டு உள்ளே வரமாட்டார், மற்றவர் கரைப்பக்கம் போகமாட்டார். இடையில் இருந்த தூரம் பெரிதில்லை; ஆனாலும் சந்திப்பு நடக்கவே இல்லை. 1408 மேயில் கிரகோரி வாக்கை மீறிப் புதுக் கர்தினால்களை நியமித்தார். அவருடைய பழைய கர்தினால்கள் கோபித்துக்கொண்டு வெளியேற, பெனடிக்டின் கர்தினால்களும் அவர்களோடு சேர, 1409-இல் பீசாவில் பொதுச்சங்கம் கூடியது.

பீசா ஜூன் 5-இல் இருவரையும் நீக்கி, ஜூன் 26-இல் 5-ஆம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தது. நீக்கப்பட்ட இருவருக்கும் இன்னும் நிலமும் ஆதரவு அரசர்களும் இருந்தார்கள். அதைப் பார்க்காமல் புதியவரை உட்கார வைத்ததால் இரண்டு மூன்றானது. அலெக்சாண்டர் பத்து மாதத்தில் இறக்க, 1410-இல் பல்தசாரே கோசா 23-ஆம் யோவான் ஆனார்.

கான்ஸ்டன்ஸ்: வரிசையை மாற்றியதே தீர்வு

1413-இல் நேப்பிள்ஸ் அரசர் லதிஸ்லாஸ் ரோமைப் பிடித்தார். விரட்டப்பட்ட யோவானுக்கு ஜெர்மானிய அரசர் சிகிஸ்முந்தின் தயவு வேண்டியிருந்தது. தயவுக்கு விலை: பொதுச்சங்கம், அதுவும் இத்தாலிக்கு வெளியே, ஏரிக்கரை ஊரான கான்ஸ்டன்ஸில். 1414 நவம்பர் 5-இல் அது தொடங்கியது.

தன்னோடு வந்த இத்தாலிய ஆயர்களின் எண்ணிக்கையை நம்பித்தான் யோவான் வந்தார். தலையெண்ணி வாக்கெடுத்தால் அவர் பக்கமே வெற்றி. 1415 தொடக்கத்தில் சங்கம் விதியை மாற்றியது: இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று நாட்டினக் குழுக்கள், குழுவுக்கு ஒரு வாக்கு. இறையியல், சட்ட அறிஞர்களும் குழுவுக்குள் வாக்களிக்கலாம். கான்ஸ்டன்ஸ் முழுவதையும் திருப்பிய ஒரே முடிவு எதுவென்றால் இதுதான். மார்ச் 20-இல், ஊரே ஒரு குதிரை வீர விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யோவான் சாதாரணக் குதிரைக்காரர் வேடத்தில் ஷாஃப்ஹவுசனுக்கு ஓடினார். சங்கத்தைக் கூட்டியவரே ஓடிவிட்டால் சங்கம் கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஏப்ரல் 6-இல் சங்கம், தன் அதிகாரம் நேரடியாகக் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, போப்பும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்று தீர்மானித்தது. மே 29-இல் அவரை நீக்கியது.

12-ஆம் கிரகோரிக்கு வேறு வழி. ரோம் வரிசையைப் பொறுத்தவரை யோவான் கூட்டிய சங்கம் சங்கமே அல்ல. ஆகவே ஜூலை 4-இல், முதலில் கிரகோரியின் பிரதிநிதி ஜோவான்னி தொமினிச்சி அவர் பெயரால் அதே சங்கத்தைப் புதிதாகக் கூட்டினார். அதன்பின் கார்லோ மலதெஸ்தா கிரகோரியின் பதவி துறப்பை வாசித்தார். கூடியிருந்தவர்கள் எழுந்து போகவில்லை, புதிதாக வரவும் இல்லை. ஆனாலும் இரண்டு தரப்புக்கும் தங்கள் சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது. கிரகோரிக்குப் போர்ட்டோ கர்தினால் ஆயர் பதவியும் மரியாதையான ஓய்வும் கிடைத்தன.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 6-இல், அதே சங்கத்தின் தீர்ப்பால் செக் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ்ஸைத் தீயில் எரித்தார்கள். சிகிஸ்முந்த் கொடுத்த பாதுகாப்புக் கடிதத்தோடு வந்தவர் அவர். பிளவைத் தீர்த்த பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

மிஞ்சியவர் பெனடிக்ட். பெர்ப்பிஞானில் சிகிஸ்முந்தே நேரில் போய்க் கேட்டார். பெனடிக்டின் பதில் சட்ட நுணுக்கத்தில் அசரவைப்பது: பிளவுக்கு முன் நியமனமான கர்தினால்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவனே. மற்ற எல்லாருடைய நியமனமும் சந்தேகத்துக்குரியது. ஆகவே சந்தேகமில்லாத போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என் ஒருவனுக்குத்தான். வாதத்தை யாரும் உடைக்க முயலவில்லை; அவருக்குப் பின்னாலிருந்த அரசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். 1415 டிசம்பரில் நார்போனில் உடன்பாடு. 1416 ஜனவரி 6-இல் அரகோன் விலகியது. அதன் அரசர் முதலாம் பெர்னாந்தோ அரியணை ஏறியதே பெனடிக்டின் ஆதரவோடுதான். அறிவிப்பை மக்கள் முன் சொன்னவர், அத்தனை ஆண்டு பெனடிக்டோடு நின்ற வின்சென்ட் ஃபெரர். ஸ்பானியர் சங்கத்தில் ஐந்தாவது குழுவாகச் சேர்ந்தபின், 1417 ஜூலை 26-இல் பெனடிக்டை நீக்கினார்கள். பெனீஸ்கோலா கடற்பாறைக் கோட்டையில் அவர் 1423 வரை தானே போப் என்று வாழ்ந்தார்.

மூன்று நாற்காலியும் காலியான பிறகே தேர்தல். கர்தினால்கள் மட்டும் வாக்களித்தால் எந்த வரிசையில் நியமனமானவர்கள் என்ற பழைய கேள்வி திரும்ப வரும். அதனால் 23 கர்தினால்களோடு ஐந்து குழுக்களிலிருந்தும் தலா 6 பேர், மொத்தம் 53 வாக்காளர்கள். கர்தினால்களில் மூன்றில் இரண்டு, அதாவது 16. கூடவே ஒவ்வொரு குழுவிலும் 6-க்கு 4. ஒரு குழு மறுத்தாலும் தேர்தல் இல்லை. ஏரிக்கரையில் இருந்த வணிகக் கிடங்கை அதற்காக அடைத்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. நவம்பர் 8-இல் உள்ளே போனார்கள். இத்தனை நிபந்தனைக்கும் மாதக்கணக்கில் இழுக்கும் என்று எண்ணத் தோன்றும். 11-ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாளன்று, ஒத்தோ கொலோன்னா தேர்வானார். பெயரும் 5-ஆம் மார்ட்டின்.

விலை

அரசர்கள் தயவில் மீண்ட பதவி அரசர்களுக்குக் கடன்பட்டது. 1418-இல் மார்ட்டின் ஒவ்வொரு நாட்டினத்தோடும் தனித்தனி ஒப்பந்தம் போட்டார். 1438-இல் பிரான்ஸ் தன் திருச்சபைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 1516 போலோஞா ஒப்பந்தத்தில் ஆயர்களைப் பெயர் சொல்லும் உரிமை பிரெஞ்சு அரசர் கைக்கே போனது. பொதுச்சங்கம் போப்புக்கு மேல் என்ற கோட்பாட்டைத் திருச்சபை வளரவிடவில்லை. 1460-இல் 2-ஆம் பயஸ், போப்பின் முடிவை எதிர்த்துச் சங்கத்திடம் முறையிடுவதையே தடை செய்தார். அவரை அந்த நாற்காலிவரை கொண்டுவந்த வரிசை அப்படி ஒரு சங்கத்தின் முடிவிலிருந்துதான் தொடங்கியது.

இன்றைய பட்டியல் ரோம் வரிசையைத்தான் போப்புகளாக எண்ணுகிறது. 1958-இல் ரொன்கால்லி 23-ஆம் யோவான் என்ற பெயரை எடுத்ததும் கோசாவின் எண் அழிந்தது. ஃப்ளோரன்ஸ் திருமுழுக்கு ஆலயத்தில் இருக்கும் கோசாவின் கல்லறையில் மட்டும் "முன்னாள் போப் 23-ஆம் யோவான்" என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. பீசாவின் அலெக்சாண்டருக்கு அந்தத் திருத்தம் நடக்கவில்லை. 1492-இல் ரொத்ரிகோ போர்ஹா அவரையும் கணக்கில் சேர்த்து 6-ஆம் அலெக்சாண்டர் ஆனார். அதற்குப் பின் வந்தவர்கள் 7, 8 என்று தொடர்ந்தார்கள். 5 என்ற இடத்தில் போப் யாரும் இல்லை.